நான்கு கார்புரேட்டரும் ஒரு கல்யாணப் பேச்சும்

உங்களுக்கும் ஏறக்குறைய என் வயதுதான் என்றால் இது நினைவிருக்கும். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது தெருவில் மோட்டார் போனால் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவோம். ரொட்டிக்காரருடையது இருமும். தபால்காரருடையது முனகும். பக்கத்து வரிசை வாத்தியாருடையது கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுபோல் விட்டு விட்டு அடிக்கும். மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள்தான். நம் ஊரில் அதை வேறெப்படிச் சொல்வார்கள்?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் ஒரே ஒரு மோட்டாருக்கு மட்டும் நான்கு குரல். அது என் அத்தையுடையது.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. நாள் முழுக்கக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஊரார் குரலைக் கேட்டுக் கேட்டு, யார் பொய் சொல்கிறார்கள், யாருக்குச் சளி பிடித்திருக்கிறது என்பதை முதல் ஹலோவிலேயே கண்டுபிடித்துவிடுவார். அவருடைய மேலதிகாரி ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனபோது வீட்டுச் சாமான்களை விற்றார். ஐஸ்பெட்டி பார்த்து வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போன அத்தை, சாயங்காலம் நாலு சிலிண்டர் ஜப்பான் மோட்டாரில் வந்து இறங்கினார். பாசி நிறத்தில் டேங்க், மழையில் நனைந்ததுபோல் மினுங்கும் நான்கு புகைக்குழாய்கள். வரிசையே வாசலுக்கு வந்துவிட்டது.

அம்மா இடுப்பில் கைவைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதுல மீன் வைக்க முடியுமா?"

"முடியாது அண்ணி."

"அப்ப ஐஸ்பெட்டி எங்க?"

"அடுத்த வருசம் லா, அண்ணி."

அம்மா சிரித்துவிட்டார். சிரிக்காதவர் பெரியப்பா ஒருவர்தான். அப்பாவின் அண்ணன், செந்தூலில் வீடு, ஆபீசில் தலைமைக் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு நெற்றி நிறையத் திருநீறோடு காரில் எங்கள் வீட்டுக்கு வருவார். தாத்தாவும் பாட்டியும் சீக்கிரமே போய்விட்டதால் அத்தையைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் அவர். அவர் பேச்சுக்கு அத்தை எதிர்ப்பேச்சு பேசி நான் பார்த்ததில்லை. அந்த வருடம் சிரம்பானிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜி பாதி தின்றுகொண்டிருக்கும்போது பெண் வாசலில் மோட்டாரை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி, "சாரி, ஓவர்டைம்" என்றபடி உள்ளே வந்தார். காப்பி ஆறுவதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

"தை பொறக்குறதுக்குள்ள இந்த வண்டி போகணும்" என்றார் பெரியப்பா.

அத்தை தலையை ஆட்டினார். ஆனால் அவர் கவலை வேறு. வண்டி சரியாக ஓடவில்லை. நின்ற இடத்தில் நடுங்கியது, கிளம்பும்போது திக்கியது. நான்கு சிலிண்டருக்கும் தனித்தனியாக நான்கு கார்புரேட்டர் என்றும், நான்கும் ஒரே அளவில் காற்றையும் பெட்ரோலையும் இழுக்க வேண்டும் என்றும் அத்தை அம்மாவுக்கு விளக்கினார்.

"நாலு அடுப்புல ஒரே நேரத்துல சோறு வைக்கிற மாதிரி அண்ணி. ஒண்ணுல தீ கூடி, ஒண்ணுல கொறஞ்சா?"

"ஒண்ணு குழையும், ஒண்ணு வேகாது."

"அதேதான். இது வேகாத சோறு."

நான்கு அடுப்பையும் சமப்படுத்த முதலில் அத்தை தானே இறங்கினார். மீன் தொட்டிக் கடையில் ஒல்லிக் கண்ணாடிக் குழாய்போல் இருக்கும் பிளாஸ்டிக் டியூப் வாங்கிவந்தார். அதில் ஏதாவது திரவம் ஊற்றி, இரு முனையையும் இரண்டு சிலிண்டரில் மாட்டினால், எது அதிகமாக இழுக்கிறதோ அந்தப் பக்கம் திரவம் ஏறும். அதைப் பார்த்துத் திருகாணியைத் திருப்ப வேண்டும். திரவம் கண்ணுக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்று அத்தை சுற்றுமுற்றும் பார்த்தார். மேசையில் ரோஸ் சிரப் இருந்தது.

அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இன்ஜினைக் கிளப்பினதும் சிவப்பு ஒரு கணம் ஆடியது, ஒரு பக்கமாக நகர்ந்தது, பிறகு சர்ரென்று ஒரே இழுப்பில் காணாமல் போயிற்று. மோட்டார் சிரப்பைக் குடித்துவிட்டது! பின்னாலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. அப்படி ஒரு வாசனை நான் அதற்கு முன்னும் பின்னும் முகர்ந்ததில்லை: கல்யாண வீட்டில் பாகு தீய்ந்தால் வருமே, அதோடு ரோஜாப்பூவும் பெட்ரோலும். எங்கள் வரிசைப் பிள்ளைகள் எல்லோரும் புகைக்குழாய்ப் பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றோம். வாத்தியார் வீட்டம்மா வேலிக்கு மேலாக எட்டி, "என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

இரண்டு நாள் கழித்து அத்தை திக்கித் திணறும் வண்டியைப் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தியபோது, பின்னால் காத்திருந்த ஒருவர் இறங்கி வந்தார். நானும் பின்சீட்டில் இருந்தேன். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் பேனாவோடு ஒரு குட்டித் திருப்புளி.

"மன்னிச்சுக்குங்க மிஸ், உங்க வண்டி நாலு பக்கமும் இழுக்குது."

"தெரியும்" என்றார் அத்தை. "நானே பேலன்ஸ் பண்ணப் பார்த்தேன். சிரப்பைக் குடிச்சிருச்சு."

"எதை?"

"ரோஸ் சிரப்."

அவர் பெட்ரோல் பம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு மன்னிப்புக் கேட்டார். பிறகு மறுபடியும் சிரித்தார். கிள்ளானில் வீடு, துறைமுகத்தில் மீட்டர்களைச் சரிபார்க்கிற வேலை, தன்னிடமும் இப்படி ஒரு நாலு சிலிண்டர் முன்பு இருந்தது, அதற்காகச் செய்த மீட்டர் பலகை சும்மாதான் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரட்டுமா என்றார்.

அப்படித்தான் மீட்டர் அங்கிள் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அந்தப் பலகை இப்போது எங்கே இருக்கிறதோ! ரம்புத்தான் மரப்பலகையில் நான்கு வட்ட மீட்டர்கள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கறுப்பு ரப்பர் குழாய். அதைப் பார்க்க நான்கு கண் பிராணிபோல் இருக்கும். டேங்குக்கு அடியில் இருக்கும் கார்புரேட்டர்களைத் தொட டேங்கைக் கழற்றிவிட்டால் பெட்ரோலுக்கு என்ன செய்வது? ஒரு போத்தலில் ஊற்றி, அம்மாவின் துணிக்கொடியில் சேலைகளுக்கு நடுவே தொங்கவிட்டு, அதிலிருந்து குழாய் இழுத்தார்கள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவதுபோல் இருந்தது. நின்ற இடத்தில் ஓடினால் இன்ஜின் சூடேறிவிடும் என்பதால் வீட்டில் இருந்த ஒரே மேசை விசிறியையும் வெளியே கொண்டுபோய் அதற்கு முன்னால் வைத்தார்கள்.

முதல் ஞாயிறு முழுவதும் சிரப்பைச் சுரண்டுவதிலேயே போயிற்று. பெரியப்பா வந்தபோது அத்தையும் மீட்டர் அங்கிளும் ஒரே தட்டில் கிடந்த பித்தளைத் துண்டுகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா காரை நிறுத்தியவர் நிறுத்தியபடியே ஒரு நிமிடம் பார்த்தார். உள்ளே வந்து அம்மாவிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"பையன் யாரு?"

"கிள்ளான். துறைமுகத்துல வேலையாம்."

"நம்ம ஆளுங்களா?"

"பேச்சைப் பார்த்தா நல்ல குடும்பமாத்தான் தெரியுது."

பெரியப்பா கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "பிஸ்கட்டா குடுத்தே? கேசரி கிண்டும்மா" என்றார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, நீ அவங்க பக்கத்துலயே உக்காந்துக்க. என்ன பேசிக்கிறாங்கன்னு அப்படியே வந்து என்கிட்ட சொல்லணும். ஐஸ் கச்சாங் வாங்கித் தரேன்."

எனக்கு அப்போது ஒன்பது வயது. மனப்பாடம் செய்வதில் வகுப்பில் நான்தான் முதல். ஒரு சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் ஒப்பித்தேன்.

அடுத்த ஞாயிறு ஒப்பித்தது இது: "ஒண்ணும் ரெண்டும் ஒத்துப் போச்சாம், பெரியப்பா. மூணும் நாலும் ஒத்துப் போகணுமாம். அப்புறம் இந்த ஜோடியையும் அந்த ஜோடியையும் நடுவுல சேக்கணுமாம்."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். "பார்த்தியா? முதல்ல இவங்க ரெண்டு பேரு. அப்புறம் ரெண்டு குடும்பமும். முறை தெரிஞ்ச பையன்."

"அது கார்புரேட்டருண்ணே" என்றார் அப்பா.

"பிள்ளை பக்கத்துல இருக்கறப்ப நேராவா பேசுவாங்க?"

பெரியப்பா அன்று துருவிய ஐஸில் சிரப் ஊற்றிய ஐஸ் கச்சாங் மட்டுமல்ல, தேங்காய்ப்பால் ஊற்றிய செண்டோலும் வாங்கித் தந்தார். வண்டியை விற்கும் பேச்சையே எடுக்கவில்லை. கேசரியில் முந்திரி கூடியது. அத்தைக்கு ஆபீசிலிருந்து வரத் தாமதமானால்கூட யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அவ்வளவு கலகலப்பான ஞாயிறுகள் அதற்கு முன் இருந்ததில்லை.

ஆனால் வண்டி மட்டும் ஒத்து வரவில்லை. மற்ற மூன்று முள்ளும் அடங்கி நிற்கும்போது மூன்றாவது முள் மட்டும் காய்ச்சல்காரன்போல் நடுங்கியது. திருகாணியை எப்படித் திருப்பினாலும் கேட்கவில்லை. மீட்டர் அங்கிள் தலையைச் சொறிந்தார். நான் உள்ளே ஓடினேன்.

"என்ன சொல்றாங்க?"

"வெளிக்காத்து உள்ள நுழையுதாம் பெரியப்பா. அதை அடைச்சாத்தான் ஒத்து வருமாம். இல்லாட்டி என்ன பண்ணினாலும் பிரயோசனம் இல்லையாம்."

பெரியப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "நம்மளத்தான் சொல்றாங்க" என்றார் கடைசியில். "நாமதான் நடுவுல நொழையறோம். வாசல்ல நின்னு நின்னு பார்த்தா சின்னஞ்சிறுசுங்க எப்படிப் பேசும்?"

உடனே வாசலில் இருந்த நாற்காலிகள் உள்ளே வந்தன. சன்னல்கள் சாத்தப்பட்டன. யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு. மேசை விசிறி வெளியே இன்ஜினுக்குக் காற்று வீசிக்கொண்டிருக்க, பெரியப்பா, அப்பா, அம்மா மூவரும் சாத்திய வீட்டுக்குள் வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா பேப்பரால் விசிறிக்கொண்டே, "பரவால்ல, பரவால்ல, பிள்ளைக்கு ஒரு வாழ்க்கை அமையணும்ல" என்றார்.

இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்போடு வேறு ஒன்றும் வருகிறது. அவர் அத்தைமீது வைத்திருந்த பாசம் எவ்வளவு பெரியது! அந்தப் புழுக்கத்தில் திருநீறு வழிந்து கண்ணில் இறங்க உட்கார்ந்திருந்தாரே. ஆனால் வெளியே நான்கடி நடந்துபோய் "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் அத்தையிடம் கேட்பார்கள்: காப்பியா தேயா, சோறு போடவா, மழைக்குக் குடை எடுத்தாயா. அதற்குமேல் கேட்டதில்லை.

வெளிக்காற்று நுழைந்த இடத்தைக் கண்டுபிடித்தவர் அத்தை. மீட்டர் அங்கிள் சோப்புத் தண்ணீரைச் சின்னக் குழாயால் ஒவ்வொரு மூட்டாகப் பீச்சிக்கொண்டே வந்தார். அத்தை கண்ணை மூடிக்கொண்டு நின்றார், எக்ஸ்சேஞ்சில் தொலைதூர அழைப்பைக் கேட்பதுபோல். மூன்றாவது கார்புரேட்டரை இன்ஜினோடு சேர்க்கும் ரப்பர் கழுத்தில் தண்ணீர் பட்டதும், "நிறுத்துங்க!" என்றார். "இங்கதான். தொண்டை மாறிருச்சு." ரப்பரில் மயிரிழை வெடிப்பு. கிள்ளானில் பழைய சாமான் கடையில் தேடி வேறொன்று கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு மீட்டர் அங்கிள் போனார்.

மார்கழி முடியப் போகிற ஒரு ஞாயிறு அது. ரப்பரை மாற்றி, இன்ஜினைக் கிளப்பி, அங்கிள் ஒரு திருகாணி, அத்தை ஒரு திருகாணி என்று மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார்கள். நான் பலகைக்கு முன்னால் குந்தியிருந்தேன். முதல் முள் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது ஆடிக்கொண்டே வந்து, தயங்கி, நின்றது. நான்காவதும் வந்து பக்கத்தில் நின்றபோது சத்தமே மாறிவிட்டது. நான்கு பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசிக்கொண்டிருந்த அறையில், எல்லோரும் வாயை மூடி ஒருவர் மட்டும் மெல்லப் பாட ஆரம்பித்ததுபோல். கொடியில் தொங்கிய சேலைகளின் நடுக்கம்கூட நின்றது. டேங்கை மாட்டி அதன்மேல் அத்தை தேத்தண்ணி டம்ளரை வைத்தார். தண்ணீரில் ஒரு வளையம் இல்லை.

அத்தை ஓவென்று கத்தினார். என்னைத் தூக்கிச் சுற்றினார். பிறகு கிரீஸ் கையோடு மீட்டர் அங்கிளின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கைகள் சேர்ந்ததைச் சன்னல் இடுக்கு வழியாகப் பெரியப்பா பார்த்துவிட்டார். அடுத்த நொடி கதவு திறந்தது. சட்டையைச் சரிசெய்துகொண்டு படியிறங்கி வந்தார். பின்னால் கேசரித் தட்டோடு அம்மா.

"என்ன தம்பி, எல்லாம் ஒத்து வந்துருச்சா?"

"வந்துருச்சு அங்கிள். இனிமே பிரச்சினையே இல்ல."

"ரொம்ப சந்தோஷம். அப்ப நாள் பார்த்துடலாமா?"

மீட்டர் அங்கிள் முகம் மலர்ந்தது. "நாளா? அது பார்த்தாச்சு அங்கிள். மிஸ் சொல்லிட்டாங்களா? தை மாசக் கடைசி. கிள்ளான்லயே மண்டபம். அதுக்குள்ள இந்த வேலையை முடிச்சுடணும்னுதான் ஓடி ஓடி வந்தேன்."

பெரியப்பா தடுமாறினாலும் சமாளித்துக்கொண்டார். "அதுக்குள்ளயா! சரி, சரி, நல்ல காரியத்தைத் தள்ளிப் போடக்கூடாது. ஆனா பொண்ணு வீட்டுக்காரங்கள ஒரு வார்த்தை..."

"பொண்ணு வீடு பந்திங்ல இருக்கு அங்கிள். எங்க மாமா மகதான். நீங்க எல்லாரும் குடும்பத்தோட கண்டிப்பா வரணும்."

மோட்டார் மட்டும் அழகாகப் பாடிக்கொண்டிருந்தது. அம்மா கையில் இருந்த தட்டு மெல்லச் சாய்ந்தது. பெரியப்பா அதைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் மீட்டர் அங்கிளின் தோளில் கைவைத்தார்.

"வரேன் தம்பி. முகூர்த்தத்துக்கு நானே முன்னால நின்னு ஆசீர்வாதம் பண்றேன்" என்றார். இன்றைக்கும் அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நினைத்து நான் பெருமைப்படுகிறேன்.

ஆனால் அங்கிள் போனதும் வெடித்தார். "இத்தனை நாள் எங்களை முட்டாளாக்கினியா?"

"நான் என்ன சொன்னேன் அண்ணே? கார்புரேட்டர்னுதானே சொன்னேன்? யாராச்சும் என்கிட்ட வந்து கேட்டீங்களா?"

"நாங்க நினைச்சது உனக்குத் தெரியாது?"

அத்தை கீழே பார்த்தார். "முந்திரி கூடினப்ப கொஞ்சம் தெரிஞ்சுச்சு."

அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினார். பெரியப்பாவுக்கு அது இன்னும் எரிச்சல். "அந்தக் கல்யாணத்துக்கு மறுநாள் ஆள் வருவான். வண்டியைக் குடுத்துடு."

"அது என் மோட்டார் அண்ணே."

"நீ என் தங்கச்சி."

அன்று சாயங்காலம் அத்தை டேங்கைத் துடைத்துத் துடைத்து, துணி தானாகவே வழுக்கும்வரை துடைத்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்குப் பெரியப்பா காரில் அப்பா, அம்மா, பெரியம்மா. அத்தை பட்டுச்சேலைக்குள் கால்சட்டை போட்டுக்கொண்டு மோட்டாரில். கடைசிச் சவாரி என்பதால் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். ஃபெடரல் ஹைவேயில் பத்து தீகா என்ற ஊரைத் தாண்டுவதற்குள் காரின் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. ஓரமாக நிறுத்தினார்கள். அப்பா மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஆற வேண்டும், தண்ணீர் வேண்டும். பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். பரிசுக்கு வாங்கிய பித்தளைக் குத்துவிளக்கைப் பேப்பரோடு மார்பில் அணைத்துக்கொண்டு நின்றார்.

"முன்னால நிக்கிறேன்னு வாக்குக் குடுத்தேனே" என்றார், யாரிடமோ சொல்வதுபோல்.

அத்தை மோட்டாரை அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். "ஏறுங்க அண்ணே."

"நானா?"

"வேற யாரு வாக்குக் குடுத்தது?"

என் தலைக்கவசத்தை அவருக்குக் கொடுத்தேன். அது அவர் உச்சந்தலையில் கொட்டாங்குச்சிபோல் உட்கார்ந்தது. நான் இருவருக்கும் நடுவில், வெறுந்தலையோடு. இப்போது என் பேரன் அப்படி உட்கார்ந்தால் காதைப் பிடித்து இறக்கிவிடுவேன். அன்று யாருக்கும் அது தோன்றவில்லை. குத்துவிளக்கு என் முதுகில் குத்தியது. பெரியப்பா என் காதருகே "முருகா, முருகா" என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே வந்தார். லோரி ஒன்று கடந்தபோது அந்த முருகா இன்னும் உரத்தது. பிறகு ரோடு நேராயிற்று. அத்தை கையைக் கொஞ்சம் திருகினார். வண்டி நடுங்கவில்லை, திக்கவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் முன்னால் போயிற்று. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் ஓடின. அத்தையின் முந்தானை அவிழ்ந்து என் முகத்தில் மல்லிகை வாசத்தோடு அடித்தது. எப்போது முருகா நின்றதென்று எனக்குத் தெரியாது. கிள்ளான் பாலம் தெரிந்தபோது என் தலைக்கு மேலாகக் குனிந்து அவர் சொன்னது மட்டும் கேட்டது.

"கொஞ்சம் வேகமாத்தான் போயேம்மா!"

மண்டபத்து வாசலில் இறங்கியபோது திருநீறு காதுவரை பரவி, வேட்டியெல்லாம் புழுதி. அதே கோலத்தில் விறுவிறுவென்று முன்வரிசைக்குப் போய் நின்றார். தாலி கட்டும்போது முதல் அட்சதை அவருடையது.

மறுநாள் சாயங்காலம் வாங்குகிற ஆள் வந்தான். அத்தை சாவியைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். அழுத முகம். ஆளுக்கு முன்பே வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியப்பா எழுந்து, அவனுக்கும் வண்டிக்கும் நடுவில் நின்றார்.

"விக்கிற எண்ணம் இல்ல தம்பி. போய்ட்டு வா."

"என்ன அங்கிள், நீங்கதானே வரச் சொன்னீங்க?"

"சொன்னேன்" என்றார் பெரியப்பா. "அப்ப நான் இதுல ஏறினதில்ல."